மருந்து பிடித்த பிறகு

அம்மா,

இன்று என் கடையில் ஒருவர் கொண்டுவந்து காட்டிய மருந்துப் போத்தல் கைதவறி விழுந்து, ஒரு கப்சியூல் உடைந்தது. காய்ந்த வல்லாரை மணம். விழுங்கச் சொன்னால் மென்றுவிடுவீர்களே, உங்கள் வாயில் நாள் முழுக்க இருந்த அதே மணம். தரையைத் துடைத்துவிட்டு உள்ளே போய் இதை எழுதத் தொடங்கினேன்.

நம் ஊர் வங்காலையில் எந்தச் செத்தவீடென்றாலும் உங்களைத்தான் செபம் சொல்லக் கூப்பிடுவார்கள். நானும் கூட வந்த அந்தச் செத்தவீட்டிலும் அப்படித்தான். இறந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில், முன்னால் பாயில் இருந்த அவருடைய தம்பியின் பெயரைச் சொல்லி, அவருடைய ஆன்மாவுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டீர்கள்.

"ஐயோ மாமி, நான் இன்னும் போகேல்ல. அதுக்குள்ள அனுப்பிப்போட்டியள்!" என்றார் அந்த மனுசன். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு மட்டும் முகம் எரிந்தது. மன்னார் ரவுணில் மருந்துக்கடை வைத்திருப்பவளின் தாய்க்கு இப்படியா என்று ஊர் பேசும் என்பதுதான் என் கவலை.

வீட்டுக்கு வந்ததும் தொடங்கினேன். "இனி முன்னுக்கு இருந்து செபம் சொல்லப் போகாதேங்கோ. மானம் போகுது." உங்கள் முகம் வாடியது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல், என் தம்பி கனடாவிலிருந்து அனுப்பியிருந்த வல்லாரைக் கப்சியூல் போத்தலை எடுத்து நீட்டினேன். "இதைக் குடியுங்கோ, மூளைக்கு நல்லம். சரிவந்தாப் பிறகு போகலாம்."

"உண்மையே பிள்ளை?"

"ஓம் அம்மா."

எனக்கா தெரியாது? வல்லாரையிலும் நீர்ப்பிரமியிலும் நடந்தவை பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வுகள். ஒன்று கொஞ்சம் பலன் என்றால் இன்னொன்று இல்லை என்னும். ஞாபகத்துக்கென்று இவற்றோடு விற்கும் ஜிங்கோ இலைச் சாற்றை முதியவர்களுக்கு வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்தும் மறதிநோய் வராமல் தடுக்க முடியவில்லை. வந்த நோயை இவை மாற்றும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. உங்கள் மறதி மெல்ல மெல்லக் கூடும் நோய் என்று டொக்டரும் சொல்லியிருந்தார். கடைக்கு வருபவர்களிடம் "வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடு, அதை மருந்தெண்டு நம்பாதேங்கோ" என்று வாய் கிழியப் பேசுகிறவள் நான். உங்களுக்கு மட்டும் பொய் சொன்னேன்.

நீங்கள் அதை நம்பினீர்கள். ஊர்ப் பெண்கள் செபத்துக்குக் கூப்பிட வந்தால், "மருந்து இன்னும் பிடிக்கேல்ல. பிடிச்சாப் பிறகு வாறன்" என்று அனுப்பிவிடுவீர்கள். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் தனியாக இருந்து மன்றாட்டுமாலையைச் சொல்லிப் பார்ப்பீர்கள். எங்காவது தடுமாறினால் போத்தலைத் தூக்கி, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பீர்கள். அதைக் கண்டும் நான் வாய் திறக்கவில்லை. அப்படியே காத்திருந்து காத்திருந்து போய்ச் சேர்ந்தீர்கள்.

உங்கள் முப்பத்தோராம் நாள் செபத்தை என்னைச் சொல்லச் சொன்னார்கள். பாதியில் எனக்கு அடுத்த வரி வரவில்லை. நான் விழிப்பதற்குள் பெண்கள் அந்த வரியைச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒருவரும் தலை நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

முடிந்ததும் பக்கத்து வீட்டு அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவ கோப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னா: "இதிலென்ன? உன்ர அம்மாவும் கன காலமா வரியளை விடுறவ. நாங்கள் எடுத்துச் சொல்லுறனாங்கள். பேரை மாத்திச் சொன்னதுதான் உனக்குத் தெரிஞ்சது."

ஆதாரம் ஆதாரம் என்று ஊருக்குப் படிப்பிக்கிறவளுக்கு அது கண்ணில் படவேயில்லை. நான் கவனிப்பதற்கு முன்பே அந்தப் பெண்கள் உங்களைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவிலிருந்து உங்களை எழுப்பிக்கொண்டு வந்து, ஒரு போத்தலோடு குசினியில் இருத்தியவள் நான்.

பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னேன் என்று மட்டும் பங்குச் சுவாமியிடம் சொன்னேன். எதற்காகச் சொன்னேன் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. உங்களைப் பார்த்து வெட்கப்பட்டேன், அம்மா. அதற்காகத்தான்.