டேல் அண்ணன் திருத்தி எழுதிய அறிக்கை

அன்புள்ள டேல் அண்ணனுக்கு,

நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களை சார் என்றுதான் கூப்பிட்டேன். இனி நீங்கள் யாருக்கும் சூப்பர்வைசர் இல்லை என்பதால் இந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் அக்கா அனுப்பிய மெயிலைப் போன வாரம் என் மகள் திவ்யா பெரம்பலூரிலிருந்து போனில் படித்துச் சொன்னாள். தூக்கத்திலேயே போய்விட்டீர்களாம். அழுதேன். ஆனாலும் வலியில்லாமல் போனீர்களே என்று ஒரு நிம்மதி.

நான் இப்போது சவுதியில், நம் யான்புவில் இல்லை. அபுதாபி பக்கம் அல் ஐனில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். பிள்ளைகள் போடுகிற சத்தத்தில் காது அடைத்துப்போகிறது. வேலை பிடித்திருக்கிறது அண்ணே.

அந்த ஒரு நாளைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. இன்று பேசிவிடுகிறேன்.

ஈராக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. நீங்கள் அங்கே அமெரிக்க ராணுவச் சாமான் ஏற்றிய லாரி ஓட்டிவிட்டு, யான்புவில் எண்ணெய் ஆலை வேலைக்கு வந்திருந்தீர்கள். நான் அதே சைட்டில் பிக்கப் டிரைவர். உங்கள் காம்பவுண்டில் அமெரிக்கர்கள் ரகசியமாகச் சாராயம் காய்ச்சுவது எங்கள் தொழிலாளர் கேம்ப் வரைக்கும் தெரியும். காலை டியூட்டிக்கு வரும்போதே உங்கள் கண் சிவந்திருக்கும்.

ஒரு மதியம் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நீங்கள் நிற்பதைப் பார்த்து ஹாரன் அடித்தேன். துள்ளித் திரும்பினீர்கள். கதவைத் திறந்து என்னை வெளியே இழுத்து, கையிலிருந்த பெரிய டார்ச்சால் முகத்தில் அடித்தீர்கள். இரண்டு அடி. மூன்றாவதற்கு ஓங்கிய கையை வெல்டர் ரஹீம் பாய் பிடித்துக்கொண்டார். உங்கள் கண்கள் என்னைப் பார்க்கவே இல்லை. வேறு யாரைப் பார்த்தன?

இடது கண்ணுக்குக் கீழே எலும்பு உடைந்தது. அதன் பிறகு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. இரண்டு ரோடு தெரிகிறவனை யார் டிரைவராக வைத்துக்கொள்வார்கள்? 'வண்டியிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தார்' என்று நீங்கள் அறிக்கை எழுதினீர்கள். கேம்ப் பாஸ் அதைக் கொண்டுவந்து, "சைன் போடு, இல்லேன்னா ஊருக்கு டிக்கெட்" என்றான். போட்டேன். அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு.

பன்னிரண்டு நாள் கழித்து எங்கள் கேம்ப் ரூம் வாசலில் வந்து நின்றீர்கள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கத்தியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். உங்கள் உடைந்த இந்தியிலும் என் உடைந்த இங்கிலீஷிலும் நாம் பேசியது எனக்குத் தமிழில்தான் நினைவிருக்கிறது.

"நான் அடிச்சதை எழுதிக் கொடுக்கப்போறேன்" என்றீர்கள்.

"வேணாம் சார். கலாஸ். முடிஞ்சுபோச்சு."

"எனக்கு முடியல. தூக்கமே வர மாட்டேங்குது."

அடி வாங்கியபோதுகூட வராத கோபம் அப்போது வந்தது. "உங்களுக்குத் தூக்கம் வர்றதுக்கு என் வேலை போகணுமா சார்? பொய்க்குக் கையெழுத்துப் போட்டவன்னு மொதல்ல என்னத்தான் அனுப்புவாங்க. நீங்க வேற கம்பெனிக்குப் போயிடுவீங்க."

"அப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டீர்கள். அந்த ஊரில் வெள்ளைத் தொப்பி போட்ட மேலதிகாரி ஒருவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என் கண்ணு சரியாகணும். என் வேலை இருக்கணும். இது ரெண்டுக்கும் வழி பண்ணிட்டு எழுதுங்க."

அதே வரிசையில் செய்தீர்கள். கேம்ப் பாஸ் என்னை மிரட்டிக் கையெழுத்து வாங்கியதாக மேனேஜரிடம் சொல்லி, எனக்கு ஆபரேஷனும் வேலையும் உறுதியென்று கடிதம் வாங்கிய பிறகே அறிக்கையைத் திருத்தி எழுதினீர்கள். "ஒரு டிரைவருக்காக உன் பிழைப்பைக் கெடுத்துக்காதே" என்ற உங்கள் ரூம்மேட் ரான், அதோடு உங்களிடம் பேச்சை விட்டார். பதவி போனது. மிச்ச மாதங்கள் ஸ்டோரில் உட்கார்ந்து கையுறை கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

ஜெத்தாவில் ஆபரேஷன் முடிந்த பிறகு, வியாழக்கிழமை தோறும் ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப்போனவரும் நீங்கள்தான். டிரைவரான நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். கூச்சமாக இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை வழியில் ஒரு பெரியவர் குறுக்கே ஓடிவந்தார். பிரேக் அடித்தீர்கள். அவர் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். நீங்கள் வண்டியை ஓரம் கட்டினீர்கள். இன்ஜினை அணைத்தீர்கள்.

"ஈராக்ல எதுக்கும் லாரிய நிறுத்தக் கூடாதுன்னு ஆர்டர். ஒருத்தன் குறுக்கே வந்தான். நான் நிறுத்தல. அவன் பேருகூடத் தெரியாது" என்றீர்கள்.

தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். நீங்கள் குடித்து முடித்ததும், "யல்லா சார், கெளம்பலாம். டாக்டர் போயிடுவாரு" என்றேன். தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தீர்கள். வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமோ? இன்றைக்கும் யோசிக்கிறேன்.

டாக்டர் ஒரு விரலை நீட்ட, எனக்கு ஒரே விரல் தெரிந்த நாளை மறந்திருக்க மாட்டீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் வராந்தாவில் நின்று குழந்தை மாதிரி அழுதீர்கள். எகிப்து நர்ஸ் டிஷ்யூ டப்பாவையே உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

உங்கள் ஊருக்குத் திரும்பிப் போய்க் குடியை விட்டதும், நடக்க முடியாத வயதானவர்களை வேனில் ஏற்றிப்போகிற வேலை பார்த்ததும் நீங்கள் போனில் சொல்லித் தெரியும். உங்கள் அக்காவுக்குத்தான் யான்புவில் நடந்த எதுவும் தெரியவில்லை. 'என் தம்பி அங்கே எப்படிப்பட்டவனாக இருந்தான்?' என்று மெயிலில் கேட்டிருக்கிறார்.

நடந்ததை எல்லாம் திவ்யாவிடம் சொன்னேன். அவளுக்கும் இதுவரை வழுக்கி விழுந்த கதைதான் தெரியும். "அப்பா, அடிச்சதையும் எழுதணுமா? பாவம், அவங்க அக்கா" என்றாள்.

"எழுதணும்மா. அதை விட்டுட்டா, அவரு அப்புறம் செஞ்சது எவ்வளவு பெருசுன்னு அந்தம்மாவுக்குத் தெரியாமப் போயிடும்."

நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை; நானும் மன்னித்தேன் என்று சொன்னதில்லை. ஆனால் என் மனதில் உங்கள் மேல் ஒரு துளி கசப்பும் கிடையாது அண்ணே. அடுத்த மாதம் லீவில் ஊருக்குப் போகும்போது திவ்யா பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் அக்காவுக்கு எழுதுவேன். எதையும் கூட்ட மாட்டேன், எதையும் மறைக்க மாட்டேன். இது சத்தியம்.

நிம்மதியாகத் தூங்குங்கள்.

கூடப் பிறக்காத தம்பி,
முருகேசன்
அல் ஐன்