கேபிள் குழியில் கிட்டி

மாசி, வியாழன் இரவு.

அறுப்பு முடிந்ததும் வயல் எலிகள் பல்கலைக்கழகத்துக்குள் புகுந்துவிட்டன. சர்வர் அறையிலிருந்து நூலகத்துக்குப் போகும் கேபிளை இந்த வாரம் மட்டும் மூன்று முறை கடித்துவிட்டன. நெட்வொர்க் என் பொறுப்பு. ஒட்டி ஒட்டிச் சலித்துப்போய், ஊரிலிருந்து அப்பாவை வரச் சொன்னேன். எலிக்குக் கிட்டி வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

சாயங்காலம் கேபிள் குழிக்குள் இறங்கி, மூங்கில் கிட்டிகளை ஒவ்வொன்றாக வைத்தார். அப்போது துறைத் தலைவர் வந்தார். "யாருங்க இவரு?" என்று என்னைக் கேட்டார். அப்பா முந்திக்கொண்டார்.

"எலி புடிக்கிற ஆளுங்க. சார்தான் வரச் சொன்னாங்க."

சார் என்றது என்னை. நான் குனிந்து அடுத்த கிட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

பண்ணையாரை 'ஆண்டே' என்று கூப்பிட மாட்டேன் என்று சொல்லி அடிவாங்கியவர் அப்பா. குழியிலிருந்து ஏறும்போது சட்டை விலகியது. தோளில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

பஸ் ஏற்றிவிடும்போது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். சிரித்தார்.

"ஒனக்குக் கொறச்சலாப் போயிடக் கூடாதுல்ல, தம்பி. காலையில வந்து கிட்டியப் பாக்குறேன்."

காலையில் துறைத் தலைவரும் வருவார். அப்பா என்னை 'சார்' என்பதற்குள் நான் 'அப்பா' என்று கூப்பிட்டுவிட வேண்டும். சத்தமாக.