அரைகுறைகளின் கட்சி

ஜூன் 4

அன்புள்ள குட்டிக்கு,

போனில் ரெண்டு வாக்கியம் பேசுவதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது. மூன்றாவது வாக்கியத்தை உன் அத்தான் பிடுங்கிக்கொள்கிறார். அதனால் இனி கடிதம்தான். எழுதும்போது யாரும் குறுக்கே வரமாட்டார்கள்.

உன் ஆராய்ச்சியை மூடச் சொல்லிவிட்டார்களாமே? வைரஸுக்கு வைரஸையே மருந்தாகக் கொடுத்தால் ஊர் சிரிக்கும் என்றாராம் உன் இயக்குநர். சிரிக்கட்டும். போன குளிர்காலத்துக் காய்ச்சல் என் நுரையீரலில் பாதியைத் தின்றுவிட்டுப் போனபோது யாரும் சிரிக்கவில்லை. பூகோள வகுப்பில் ஒரு ஆற்றைச் சொல்லி முடிப்பதற்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் மிரண்டு போனார்கள்.

எனக்குப் புரிகிற மாதிரி அது என்னவென்று எழுது. பெரிய வார்த்தை போட்டால் சிவப்பு மையில் திருத்தி அனுப்புவேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜூன் 15

அன்பு அக்காவுக்கு,

திருத்த வேலை வைக்காமல் எழுதப் பார்க்கிறேன். வைரஸ் நம் உடம்பின் செல்லுக்குள் புகுந்து தன்னைத்தானே பிரதி எடுக்கும். அவசரத்தில் சில பிரதிகளில் நடுவில் பெரிய துண்டே விட்டுப்போகும். அந்த அரைகுறையால் தனியாகப் பெருக முடியாது, நோயும் தராது. ஆனால் நிஜ வைரஸ் அதே செல்லுக்குள் வந்தால், பிரதி எடுக்க அது சேர்த்து வைக்கிற சாமான்களையெல்லாம் இது பிடுங்கிக்கொள்ளும். ஆள் சின்னது இல்லையா, சீக்கிரம் பிரதியாகிவிடும். நிஜத்துக்கு மிச்சமே இருக்காது. போதாததற்கு உடம்பின் காவலையும் தட்டி எழுப்பும். அரைகுறைகளை நாங்களே செய்து, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததும் மற்றவர்கள் மூக்கில் தெளிக்கக் கொடுப்பதுதான் திட்டம். எலிகளிடம் பலித்தது. திடமான ஆட்கள் சிலருக்குக் கொடுத்ததில் கெடுதல் ஒன்றும் தெரியவில்லை.

என் அறையைப் பிடுங்கிக்கொண்டார்கள். கிடங்குக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். உன் ஊர் நெஞ்சுநோய் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "மருந்தோட வாங்க, என் நோயாளிகளை நான் கேக்கறேன்" என்று தைரியமாக நிற்கிறார். ஒப்புதல் குழுவும் சரி சொல்லிவிட்டது. மூட மாட்டேன் அக்கா.

குட்டி


ஆகஸ்ட் 2

அன்புள்ள குட்டிக்கு,

நேற்று நானும் போய் அந்த ஆய்வுக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தேன். பலவீனமான நுரையீரல்தான் வேண்டுமாம். என்னைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைப்பாள்? டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லா யோசிச்சுட்டு வாங்கம்மா" என்றார். "மூச்சு விடவே நேரம் பத்தல, யோசிக்க எங்க போறது?" என்றேன். சிரித்துவிட்டார்.

நான் உன் அக்கா என்று சொல்லவில்லை. உன் அத்தான் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். என் நுரையீரல் அரைகுறை, உன் மருந்தும் அரைகுறை. நான் அரைகுறைகளின் கட்சி.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்கா,

உன் பேரை எடுக்கச் சொல்லிவிட்டேன். ஆய்வு நடத்துகிறவரின் சொந்தக்காரர்கள் சேரக் கூடாது என்பது விதி. நீ மறைத்தது பிறகு தெரிந்திருந்தால் மொத்த ஆய்வும் நின்றிருக்கும். கோபப்படு, பரவாயில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு விதி இருப்பதில் எனக்கு நிம்மதிதான். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எங்கே போவேன்?

குட்டி


ஆகஸ்ட் 15

விஞ்ஞானி அம்மையாருக்கு,

விதி என்றால் சரி, வாயை மூடிக்கொள்கிறேன். நிம்மதி என்று எழுதினாயே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. அன்று எனக்கு முன்னால் ஒரு சலவைக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார், பின்னால் ஒரு பஸ் டிரைவர். அவர்களுக்கும் வீட்டில் தங்கச்சி இருக்க மாட்டாளா? அவர்கள் மூக்கு மட்டும் என்ன இளப்பம்?

அவர்கள் முகத்தைப் பார்த்து உள்ளதைச் சொல்ல உனக்கு வாய் வந்தால் எனக்கு எழுது. வராவிட்டால் இயக்குநர் சொன்னபடி மூடிவிட்டுப் போ.

அக்கா


அக்டோபர் 20

அன்பு அக்காவுக்கு,

இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று உனக்கே தெரியும். நேற்று, பேர் கொடுத்தவர்களையெல்லாம் டாக்டரம்மா கூட்டியிருந்தார். இயக்குநரும் வேடிக்கை பார்க்க முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். உன் சலவைக்கடைக்காரர் எழுந்தார். "உங்க வீட்டு ஆளுக்கு இதைப் போடுவீங்களாம்மா?"

"என் அக்காவே வந்தாங்க. விதிப்படி சேர்க்க முடியாது. விதி இல்லன்னாலும் பயந்திருப்பேன். பயந்துக்கிட்டேதான் போட்டிருப்பேன்" என்றேன்.

சிலர் எழுந்து போய்விட்டார்கள். இயக்குநர் முகத்தில் அப்படி ஒரு களை. சலவைக்கடைக்காரர் மட்டும் நகரவில்லை. "பயமே இல்லன்னு சொல்லியிருந்தா நானும் கிளம்பியிருப்பேன். கையெழுத்து எங்க போடணும்?" என்றார். அவரைப் பார்த்து, கிளம்ப எழுந்தவர்களில் பலர் மறுபடி உட்கார்ந்தார்கள்.

ஆரம்பித்துவிட்டோம், அக்கா.

குட்டி


ஜனவரி 28

அன்புள்ள குட்டிக்கு,

கட்டிலில் சாய்ந்தபடி எழுதுகிறேன். எழுத்து கோணினால் கண்டுகொள்ளாதே.

உன் அத்தான் கொண்டுவந்த காய்ச்சல் என்னைப் பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கே நீ ஓடி வந்தாய். காய்ச்சல் வந்தபிறகும் பலிக்கலாம் என்று, எனக்கு மட்டும் ஆய்வுக்கு வெளியே மருந்து கொடுக்கச் சிறப்பு அனுமதி வாங்கி வந்திருந்தாய். "சரின்னு ஒரு தடவை தலையாட்டு அக்கா, உன் கால்ல விழறேன்" என்று கெஞ்சினாய். மாட்டேன் என்று ஆட்டினேன். காரணம் சொல்ல அன்று மூச்சில்லை. இன்று இருக்கிறது.

உன் மருந்தை நம்பாமல் இல்லை. ஆய்வு இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது. நீ கொடுத்து நான் பிழைத்தால், சொந்தம் என்றதும் விதியை வளைத்தாள் என்பார்கள். செத்தால், அக்காவையே கொன்றாள் என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் உன் இயக்குநருக்குத்தான் கொண்டாட்டம். அந்தச் சந்தோஷத்தை என் மூக்கு வழியாகவா அவருக்குக் கொடுப்பது?

பேரை எடுத்ததற்கு உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நியாயமாகத்தான் எடுத்தாய். மன்னிக்கத்தான் மாட்டேன்.

இன்று காலை ஆக்சிஜன் குழாயைக் கழற்றினார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரம் முடியும்வரை நடந்தேன். நர்ஸ் திட்டினாள். நானும் பதிலுக்குத் திட்டினேன், நடுவில் நிறுத்தாமல், முழுசாக.

இந்தத் தடவை பிழைத்துவிட்டேன். இன்னொரு தடவைக்கு என்னிடம் சரக்கு அதிகமில்லை. அதனால் இங்கே வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்காதே. போய் வேலையைப் பார்.

அக்கா