ஊர்வலச் சட்டையும் என் வாயும்

மே 4
ஒரு திருட்டுத்தனத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இருபது வருஷமாகத் துணி தைக்கிறேன். யாரிடமும் உண்மையான சுற்றளவைச் சொன்னதில்லை. வாயில் இரண்டு அங்குலம் குறைப்பேன், நோட்டில் சரியாக எழுதுவேன். வந்தவர் பூரித்துப் போவார். யாருக்கு நஷ்டம்?

இன்று, எங்கள் நகரில் வருஷாவருஷம் நடக்கும் பலநாட்டு மக்கள் ஊர்வலத்துக்கு ஒரே மாதிரிச் சட்டை தைக்க எங்கள் தெருவே அளவு கொடுக்க வந்தது. ஐந்து மொழி, இருபத்திரண்டு பேர். பாதிப் பேரோடு எனக்குக் கைஜாடைதான். ஆனால் நாடாவைச் சுற்றியதும் எல்லா நாட்டுக்காரரும் ஒரே மாதிரி வயிற்றை எக்குகிறார்கள்.

கடைசியாக மாடிவீட்டு பஸ் டிரைவர் தம்பி. மேளம் பிரமாதமாக அடிப்பான். போன வருஷம், "இந்த உடம்ப வெச்சுக்கிட்டு ரோட்ல ஆடணுமாக்கா?" என்று ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுவிட்டான். நாடா நாற்பத்தாறு காட்டியது.

"நாப்பது!" என்று கத்தினேன்.

முகமெல்லாம் பல். "அப்ப நானே முன்னாடி அடிச்சிட்டுப் போறேன்கா."

மே 9
அடிப்பாவி நான்! அன்றைய கூட்டத்தில் நோட்டு என் வீட்டுக்காரர் கையில். நான் கத்தியதை அப்படியே எழுதி, எழுதியபடியே வெட்டியும் விட்டார். இருபத்திரண்டு சட்டை!

"நீ சொன்னதத்தானே எழுதினேன்?"

"இருபது வருஷமா நான் சொன்னதக் கேக்காத மனுஷன், அன்னிக்குப் பாத்தா கேக்கணும்?"

மே 10
மற்றவர்கள் மூச்சை அடக்கினால் சமாளித்துவிடுவார்கள். டிரைவருக்கு ஆறு அங்குலம் இடிக்கிறது. சட்டை ஏறாவிட்டால் மறுபடி திரைக்குப் பின்னால்தான். அவனுக்கு மட்டும் ஒட்டுப் போட்டாலோ ஊரே பார்க்கும். என்ன செய்து தொலைக்க?

மே 11
எல்லாருக்கும் ஒட்டு! இரண்டு பக்கமும் மும்மூன்று அங்குல மஞ்சள் பட்டை. ஒல்லிக்குச்சி தபால்காரருக்கும்தான். அவர் அதற்குள் குடித்தனமே நடத்தலாம்.

மே 16
சட்டை கொடுத்தேன். ரொட்டிக்கடை அம்மாள் பட்டையைத் தடவிப் பார்த்து, அவள் பாஷையில் என்னமோ சொல்லி, என் கன்னத்தைக் கிள்ளினாள். டிரைவருக்குக் கச்சிதம். மனசு கேட்கவில்லை; உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்கா. எங்க வீட்ல கண்ணாடி இல்லயா?"

"பின்ன ஏன்டா வரேன்னே?"

"நான் வரணும்னு அவ்ளோ சத்தமா ஒருத்தரும் புளுகினதில்லக்கா."

என் கண் கலங்கியது நூல் தூசியால்தான்.

மே 18
ஊர்வலம். தம்பி முன்னால் ஆடி ஆடி மேளம் அடித்துக்கொண்டு போனான். அவன் ஆடினால் நாங்கள் ஆட வேண்டும், அவன் நின்றால் நிற்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. கடைவீதியில் நின்றான். நின்றோம். நூலகத்துக்கு எதிரே நின்றான். நின்றோம். ஆஸ்பத்திரி வாசலில்தான் எனக்குப் புரிந்தது: பஸ் நிறுத்தம் ஒன்று விடாமல் நிற்கிறான். அங்கே கைத்தடியோடு காத்திருந்த பெரியவர் ஒருவர் எங்கள் நடுவில் வந்து சேர்ந்துகொண்டார். இரண்டு நிறுத்தம் தள்ளி, மார்க்கெட்டில் இறங்கிக்கொண்டார்.