நீங்கள் திருத்திய வாக்கியம்

அண்ணே,

நேற்று மலாக்கா பஸ் நிலையத்துச் சுவரில் ஒருவன் தண்ணீர் அடித்துப் பழைய நோட்டீசுகளைச் சுரண்டிக்கொண்டிருந்தான். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் முடிந்துவிட்டது, இனி அந்தக் காகிதங்களுக்கு வேலையில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்த தாள்கள் ஊறி உரிய, புளித்த மாவுப்பசையின் வாடை நடைபாதையெல்லாம் அடித்தது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த தாளில் ஆங்கிலத்தில் 'சப்ளை' என்ற ஒரு சொல் மட்டும் பாதி கிழிந்து நின்றது. அவன் தகட்டால் அதையும் சுரண்டிப் போட்டான். நான் மெர்லிமாவ் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

செத்தவரைப் பற்றிக் கசப்பாகப் பேசக் கூடாது என்று அண்ணி சொல்கிறார். அண்ணியிடம் நான் எதுவும் பேசவில்லை. பேச வேண்டியது உங்களிடம்தான். உயிரோடு இருந்தவரை நீங்கள் காது கொடுக்கவில்லை. இப்போது குறுக்கே பேசமாட்டீர்கள்.

முதலில் உங்களுக்குச் சேர வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வாளியோடு விழுந்து இறந்த பிறகு, லயத்து வீட்டிலிருந்து என்னை டவுனுக்கு அழைத்து வந்தது நீங்கள். கான்வென்டில் படிக்கவைத்து, என்னை ஆங்கிலம் கற்பிக்கும் டீச்சர் ஆக்கியதும் நீங்கள். அதற்கெல்லாம் நன்றி சொல்லியாகிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் முன்னால் என்னைச் சொல்லவைத்தீர்கள். ஆகவே அந்தக் கணக்கை இங்கே மறுபடி திறக்க வேண்டியதில்லை.

மாலை வகுப்பைப் பற்றித்தான் எழுத வந்தேன். புங்கா ராயா தெருவில் ஒரு சாமான் கடை மாடியில், ஊரடங்குக்கு முன்னால் முடித்துவிட வேண்டிய வகுப்பு. வந்தவர்கள் எல்லாரும் வேலையில் இருந்த சீனர்கள். சீனப் பள்ளியில் நன்றாகப் படித்தவர்கள். ஆனால் லைசென்ஸ் வேண்டுமென்றாலும் பதவி உயர்வு வேண்டுமென்றாலும் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. பல் டாக்டர் கோ இருந்தார். நில அளவை ஆபீசில் படம் வரைகிற இருவர், ரப்பர் கடைக் கணக்கர் ஒருவர். பிறகு மருத்துவச்சி சியூ லான். முதல் பாதியில் நான் சொற்கள் சொல்லித்தருவேன். இரண்டாவது பாதியில் நீங்கள் ஒரு பத்தியைக் கொடுத்து, படிக்கவைத்துக் கேள்வி கேட்பீர்கள்.

நீங்கள் நல்ல வாத்தியார். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை, அதுதான் எனக்கு ஆறாத விஷயம். டாக்டர் கோ ஒரு பத்திக்குப் பதில் எழுதும்போது கதையில் வரும் கிழவனுக்குப் பசி என்று எழுதிவிட்டார். நீங்கள் தாளைத் தட்டிக் கேட்டீர்கள், "கிழவனுக்குப் பசின்னு பத்தியில எங்க இருக்கு?" அவர் சொன்னார், "அவன் பார்க்கிற விதத்தில் தெரிகிறது, சார்." நீங்கள் தலையாட்டி மறுத்தீர்கள். "பத்தியில் இருப்பதை எழுது. இல்லாததைச் சேர்க்காதே." அதை அவர்கள் எல்லாரும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். சியூ லான் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவளை உங்களுக்கு நினைவிருக்கும். கைக்குழந்தையாகச் சீனாவிலிருந்து கப்பலில் வந்தவள். ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் சைக்கிளில் போய்ப் பிரசவம் பார்த்தவள். அவளுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் பிரசவத் தமிழ். வகுப்புக்கு நான் தாமதமாக மூச்சிரைக்க மாடியேறினால், "பயப்படாத தங்கச்சி, மெதுவா முக்கு" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரித்திருக்கிறீர்கள்.

அவளுக்கு ஒரு அண்ணன். காய்கறி பயிரிட்டுக்கொண்டிருந்தவன், நெஞ்சு நோயால் வேலை செய்ய முடியாமல் போனான். காட்டோரத்திலிருந்த அவன் குடிசையை அரசாங்கம் கலைத்து, லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் முள்வேலி போட்ட கம்போங் பாரு என்ற புதுக்கிராமத்தில் இறக்கியது. அவனுக்கும் பிள்ளைகளுக்கும் அவள் சம்பளத்தில்தான் சாப்பாடு. இது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

ஒரு வாரம் நீங்கள் கதைப் பத்தி கொண்டுவரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த உணவுக் கட்டுப்பாட்டு நோட்டீசையே எழுதிக் கொடுத்தீர்கள். தினமும் கண்ணில் படுவதை முதலில் படிக்கத் தெரிய வேண்டும் என்றீர்கள். காட்டிலிருப்பவர்களுக்கு அரிசியோ மருந்தோ சப்ளை செய்கிறவனுக்கு என்ன தண்டனை என்பதை அவர்கள் வரிவரியாகப் படித்தார்கள். 'சப்ளை' என்ற சொல்லை அன்றுதான் சியூ லான் கற்றுக்கொண்டாள். நான் கரும்பலகையில் எழுதிப்போட்டேன்.

அடுத்த வாரம், புதிய சொற்களை வைத்துத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். அவள் எழுந்து நின்று நிதானமாகச் சொன்னாள்: "ஐ சப்ளை மை பிரதர் எவ்ரி மந்த்."

நான் திருத்துவதற்குள் நீங்கள் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தீர்கள். "சப்ளைன்னா சரக்கு கொண்டுபோய் இறக்குறது. கடைக்காரன் பண்றது. நீங்க உங்க அண்ணனைத் தாங்குறீங்க. அதுக்கு சப்போர்ட்." ஆங்கிலத்தில் எவ்வளவு அழகாக விளக்கினீர்கள். அவள் வெட்கப்பட்டு, திருத்திய வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நீங்கள், "வெரி குட்" என்றீர்கள்.

பிறகு ஒரு மாதம்கூட ஆகவில்லை. மெர்லிமாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, சாலைத் தடுப்பில் அவளை இறக்கி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சைக்கிள் தடுப்புக் கம்பத்தில் சாய்ந்தபடியே கிடந்ததாகத் தோட்டத்து ஆட்கள் சொன்னார்கள். அவள் கை பட்டுப் பிறந்த பிள்ளைகள் அந்த லயத்தில் ஏராளம். அதில் ஒருத்தியின் அப்பா ஸ்டேஷன் வாசலில் போய் நின்றாராம். "எங்க நர்ஸம்மா லா, தப்பு பண்ற ஆள் இல்ல" என்றாராம். அவரை விரட்டிவிட்டார்கள்.

வகுப்பில் இருந்த எல்லாரையும் விசாரித்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினார். "அந்தப் பெண் வகுப்பில் 'ஐ சப்ளை மை பிரதர் எவ்ரி மந்த்' என்று சொன்னாளா?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று ஒரு நிம்மதி வந்தது, அண்ணே. இதைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அட, இவ்வளவுதானா, இது வெறும் சொல் பிழை, விளக்கினால் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். சப்ளைக்கும் சப்போர்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வெள்ளைக்காரருக்கு விளக்கினேன். நோயாளி அண்ணன், பிள்ளைகள், எல்லாம் சொன்னேன். "என் அண்ணன் அந்த இடத்திலேயே அதைத் திருத்தினார். அவரைக் கேட்டுப் பாருங்கள்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "உங்கள் அண்ணனைக் கேட்காமலா உங்களைக் கேட்கிறோம்? திருத்தியதாக அவர் சொல்லவில்லையே" என்றார்.

வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தேன். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அண்ணி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே கேட்டேன்.

"சியூ லான் சொன்னதைப் போலீஸ்ல சொன்னது நீங்களா?"

நீங்கள் அண்ணியை உள்ளே போகச் சொன்னீர்கள். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னீர்கள். "சீனவங்கள ஒரு ரூம்ல கூட்டி வச்சிருக்கேன். பெர்மிட் சும்மா குடுப்பாங்களா? அப்பப்ப வந்து யார் என்ன பேசுறாங்கன்னு சொல்லணும்னாங்க. சொன்னேன்."

"அவ தப்பாச் சொன்னா. நீங்களே திருத்தினீங்க."

"அவ வாயிலருந்து வந்தத சொன்னேன். பொய் ஒண்ணும் சொல்லல."

"திருத்தினத ஏன் சொல்லல?"

நீங்கள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தீர்கள். "அவங்க கேட்டது அவ என்ன சொன்னான்னு. நான் என்ன சொன்னேன்னு யாரும் கேக்கல. இல்லாதத எதுக்குச் சேக்கணும்?"

வகுப்பில் சொல்லிக்கொடுத்த விதியை அப்படியே என்னிடம் திருப்பிச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு மோர் கேட்டீர்கள்.

பயந்தீர்கள் என்று இப்போது எல்லாரும் எனக்குச் சமாதானம் சொல்லலாம். அந்தக் காலத்தில் யார்தான் பயப்படவில்லை. டாக்டர் கோவுக்கு உங்களைவிட அதிகம் பயப்படக் காரணம் இருந்தது. அவர் சீனர், கடை வைத்திருப்பவர், லைசென்ஸ் இல்லாதவர். ஆனாலும் அந்த வாக்கியம் திருத்தப்பட்டதற்குச் சாட்சி சொல்ல என்னோடு வந்தது அவர் ஒருவர்தான். டை கட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் 'கரெக்டட்', 'மிஸ்டேக்' என்ற சொற்களை உதட்டுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தார். அதிகாரி கேட்டுக்கொண்டார், எழுதிக்கொண்டார். மறுவாரம் டாக்டர் கோவின் கடையைச் சோதனை போட்டு, ஜன்னலில் வைத்திருந்த பல் அச்சுகளையெல்லாம் கீழே கொட்டிவிட்டுப் போனார்கள். அவளை விடவில்லை. தடுப்பு முகாமில் வைத்திருந்து, கடைசியில் சீனாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். அவளுக்கு நினைவே இல்லாத ஊருக்கு. அவள் அண்ணன் அடுத்த மழைக்காலம் தாண்டவில்லை. பிள்ளைகளை யாரோ உறவினர் வந்து அழைத்துப் போனார்கள்.

நான் அந்த வீட்டில் இருக்க முடியாமல் மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கு வேலை கேட்டுப் போய்விட்டேன். டவுனில் படித்த பெண் தோட்டத்துக்குத் திரும்புகிறாளே என்று ஆட்கள் வியந்தார்கள். அண்ணனோடு சண்டை என்று மட்டும் சொன்னேன். உங்களுக்குப் பதவி உயர்வு வந்தது. அது இதற்காகத்தானா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்லமாட்டேன். தீபாவளிக்கு நீங்கள் புடவை கொடுத்தனுப்பினீர்கள். திருப்பி அனுப்பினேன். மறுவருஷமும் அனுப்பினீர்கள், மறுபடியும் திருப்பினேன். ஒரு முறையாவது அதோடு ஒரு வரி எழுதி வைத்திருந்தீர்களானால் நான் இன்று என்ன எழுதியிருப்பேனோ.

உங்கள் இறுதிச் சடங்குக்கு வந்தேன், அண்ணிக்காக. வாசலில் பந்தல், மாலைகள், பள்ளிக்கூட ஆட்கள். உங்கள் ஆங்கிலத்தில் ஒரு பிழை காண முடியாது என்று ஒருவர் பேசினார். அப்போது டாக்டர் கோ கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. உங்கள் பெட்டியைப் பார்த்து மூன்று முறை குனிந்து எழுந்தார். எனக்கு அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவரை ஓரமாக அழைத்துப் போய், அந்த வாக்கியத்தைப் போலீசுக்குக் கொடுத்தது யாரென்று சொன்னேன். சவம் இன்னும் வீட்டை விட்டுப் புறப்படவில்லை. அதற்காக எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

"ஐ நோ லா, டீச்சர்," என்றார் அவர். "அன்றைக்கு ஸ்டேஷனுக்கு நாம் இரண்டு பேர்தான் போனோம். அவர் வரவில்லை. எனக்கு அது போதும்."

"பிறகு எதற்கு இங்கே வந்து கும்பிடுகிறீர்கள்?"

"நான் படித்தது அவரிடம். அது வேறு, இது வேறு."

பிறகு அவர் சொன்ன விஷயம் உங்களுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. போன வருஷம் கடைவாய்ப் பல் வீங்கி நீங்கள் அவர் கடைக்குப் போனீர்களாம். டவுனில் வேறு பல் டாக்டர் அன்றைக்கு இல்லை. அவர் உங்களை உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சை வைத்து ஊசி போட்டார். மருந்து ஏறக் காத்திருந்த நேரத்தில் ஒரு சேதி சொன்னார். சியூ லான் உயிரோடு இருக்கிறாள். சீனாவில் அமோய்த் துறைமுகத்துக்கு உள்ளே ஒரு சின்ன ஊரில் பிரசவம் பார்க்கிறாள். ஹாங்காங் வழியாக வந்த ஒருவரிடம் சொல்லியனுப்பியிருக்கிறாள்: வாத்தியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், இங்கே ஆங்கிலம் பேச ஆளில்லை, ஆனாலும் மறக்காமல் வைத்திருக்கிறேன்.

"அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"வாயில் பஞ்சு. எப்படிச் சொல்வார்? கண்ணில் தண்ணீர் வந்தது." டாக்டர் கோ உங்கள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "பல்லுக்காக அழுதாரா, அதற்காக அழுதாரா, எனக்குத் தெரியவில்லை, டீச்சர்."

பல்லைப் பிடுங்கி, வாயைக் கொப்பளித்த பிறகு பேச முடிந்திருக்குமே என்று கேட்டேன். முடிந்தது என்றார். நீங்கள் காசைக் கொடுத்துவிட்டு, இனி எப்போது சாப்பிடலாம் என்று கேட்டுப் போனீர்களாம்.

நான் யோசித்துப் பார்த்துவிட்டேன், அண்ணே. அழுததற்கு இரண்டு அர்த்தம் சொல்லலாம். உங்கள் தங்கையாக எனக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. இந்த மனக்கசப்பை இறக்கி வைக்க அது ஒன்றுதான் வழி என்றும் தெரியும். ஆனால் அமோயில் ஒருத்தி இன்னமும் உங்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு விஷயம் தெரிந்து, அவள் கோபப்படுகிற நாள் வரும்வரை, அவள் பங்குக் கோபத்தையும் நான்தான் சுமந்தாக வேண்டும்.

அது பல்வலிதான்.