ஆறாவது நிபந்தனை

ராயபுரம்,
12 ஆகஸ்ட், செவ்வாய்.

அன்புள்ள டில்லிபாபுவுக்கு,

ரெஜினா அக்கா எழுதுவது. உன் அம்மா கெங்கம்மாவின் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது. வறுமை ஒழிப்பு ஆலோசனை மன்றத்தின் அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்த தாளை நேற்று காலை பத்தே முக்காலுக்கு நானே நின்று படித்தேன். விண்ணப்பித்தவர்கள் ஆறு பேர். ஐந்தாவது பெயர் அம்மாவுடையது. எதிரே, "ஆறாவது நிபந்தனை பூர்த்தியாகவில்லை" என்று இருக்கிறது. அம்மா உடம்புக்கு ஒன்றுமில்லை, கால் வீக்கம் வடிந்துவிட்டது. கடிதத்தைப் பார்த்ததும் நீ வேறு எதையாவது நினைத்துப் பயப்படக்கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்கிறேன்.

உன் பழைய எண் வேலை செய்யவில்லை. புது எண் உன் சிநேகிதன் ஒவைஸிடம் இருக்கிறது, ஆனால் கொடுக்கமாட்டேன் என்கிறான். நீ சொல்லிவைத்திருக்கிறாயாம். அதனால்தான் கடிதம். லீவு முடிந்து வியாழக்கிழமை அவன் மஸ்கட் திரும்பும்போது கையோடு கொண்டுவந்து தருவான்.

உனக்கு இந்த மன்றம் பற்றித் தெரிந்திருக்காது. வறுமையைக் குறைக்க அரசுக்கு யோசனை சொல்ல பதினைந்து பேர். பதினான்கு இடம் பேராசிரியர்களுக்கும் ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கும் தொழில் பிரமுகர்களுக்கும். பதினைந்தாவது இடம் வறுமையில் வாழும் ஒருவருக்கு. பதினான்கு பேருக்கான தகுதி அரை வரி: "துறையில் அனுபவம்." பதினைந்தாவது ஆளுக்கு ஏழு நிபந்தனை, ஒன்றரைப் பக்கம். வயது, எழுதப் படிக்கத் தெரிவது, பத்து வருடம் ஒரே முகவரி என்று போகிறது. ஆறாவது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடமிருந்து பண உதவி பெறாதவராக இருக்க வேண்டும் என்பது. அந்தப் பதினான்கு பேரில் ஒருவருக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் இரண்டு கிடங்கு இருக்கிறது. அம்மா தினமும் பெருக்குகிற கிடங்கு அதில் ஒன்றா என்று நீ கேட்பாய். விசாரித்துவிட்டேன், இல்லை.

அம்மா தானாகப் போய் விண்ணப்பிக்கவில்லை. ஜூன் மாதம் திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. நான் செய்தி எடுக்கப் போயிருந்தேன். ஒரு பேராசிரியர் திரையில் படம் காட்டி நாற்பது நிமிடம் பேசிவிட்டு, யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்றார். அம்மா எழுந்தார். "சார், தண்ணி லாரி எத்தினி மணிக்கு வரும்னு ஒரு போர்டுல எழுதிப் போட்டுடுங்க. எங்க பிளாக்குல வூட்டுக்கு ஒரு பொம்பள வேலைக்குப் போவாம லாரிக்காக் குந்திக்கினு கீது. அந்தக் கூலி கைக்கு வந்தா பாதிக் கஷ்டம் பூடும்" என்றார். பேராசிரியர் இன்னொரு முறை சொல்லச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் அவரே வந்து, நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இருபத்தொன்பது வருடமாக இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் போகிறேன். உருப்படியாக ஒரு யோசனையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

இனி நடந்த கூத்தைச் சொல்கிறேன். போன மாதம் 24ஆம் தேதி சாயங்காலம், சரிபார்க்க வெள்ளத்துரை என்று மன்றத்தின் அலுவலர் ஒருவர் எம்.கே.பி. நகரில் அம்மா பிளாக்குக்கு வந்தார். நல்ல பையன்தான், திருநெல்வேலிப் பக்கம். அவர் வந்த நேரத்தில் லாரியும் வந்துவிட்டது. முப்பது குடம் வரிசையில் நிற்க, அத்தனை பேருக்கும் நடுவில் அவர் கெங்கம்மா எப்படிப்பட்ட குடும்பம் என்று கேட்டிருக்கிறார். கவர்மெண்ட் மெம்பர் ஆகப் போகிறவருக்கு மதிப்பாகச் சொல்ல வேண்டும் என்று பிளாக் முழுக்க முடிவுகட்டிவிட்டது. எதிர் வீட்டு யசோதராதான் ஆரம்பித்தாள். "இன்னா சார் இப்டிக் கேட்டுட்டீங்க? அவுங்க புள்ள மஸ்கட்ல கீறாரு. வூட்ல பிரிட்ஜ் கீது. எங்க எல்லாருக்கும் பாரின் தைலம் குடுத்துக்கீறாங்க" என்று சொன்னதோடு நிற்காமல், உள்ளே ஓடிப்போய் கோடாலித் தைலம் பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினாள். அதைப் பார்த்து இன்னும் மூன்று பேர் அவரவர் பாட்டிலோடு வந்தார்கள். வெள்ளத்துரை நான்கையும் போட்டோ எடுத்துக்கொண்டார். அவர் அறிக்கையில் பின்னிணைப்பாக இருக்கிறது, நான் பார்த்தேன்.

அந்த பிரிட்ஜ் ஓடி மூன்று வருடமாகிறது, அம்மா அதில் புடவை அடுக்கி வைத்திருக்கிறார். தைலம் இங்கேயே பர்மா பஜாரில் வாங்கியது. அந்தக் கடைக்காரர் எனக்குப் பழக்கம், பொங்கலுக்கு முன்னால் ஆறு பாட்டில் கொடுத்ததாகச் சொன்னார். தன் பிள்ளை அனுப்பினான் என்று வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார் உன் அம்மா. கடைசியில் வெள்ளத்துரை அம்மாவிடமே திரும்பி, மகன் பணம் அனுப்புகிறாரா என்று கேட்டார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. அம்மா என்ன சொல்வார்? "மாசா மாசம் அனுப்புறான் சார், எனக்கு இன்னா கொறச்சல்?" என்றார். அவர் எழுதிக்கொண்டார். அதோடு முடிந்தது.

நேற்று பலகையைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். உண்மையை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், மறுபரிசீலனைக்கு இடம் இருக்கிறது என்று கெஞ்சினேன், அதட்டினேன். "நாலு செவுத்துக்குள்ள நீ இன்னா கேட்டாலும் சொல்றேன் ரெஜினா. எம்புள்ள அனுப்பலன்னு கவுருமெண்டு பேப்பர்ல எங்கையால எழுத மாட்டேன். அந்தப் பேப்பரு எங்கனா கெடக்கும். நாளைக்கு அவன் வந்து அத்தப் படிக்கணுமா?" என்றார். மெம்பர் ஆகாவிட்டால் தண்ணி லாரி வராமல் போய்விடுமா என்று என்னையே திருப்பிக் கேட்டார். லாரி வரும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாமல் வரும். இன்னும் பத்து வருடத்துக்கு அப்படியே வரும். அதைச் சொல்லத்தானே இவர் அங்கே போக வேண்டும்?

இதைச் செய்தியாகப் போட்டால் ஒரே நாளில் தீரும் என்கிறார் எங்கள் பத்திரிகை ஆசிரியர். தீரும்தான். அம்மா எழுத மறுத்ததை நானே ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுத்ததாகவும் ஆகும். போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

டில்லி, உன் வேலை போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது என்று எனக்குத் தெரியும். "சோத்துக்கே சிங்கி அடிச்சுக்கினு கீறான் அக்கா" என்று ஒவைஸ் சொன்னான். சொல்லக்கூடாது என்று நீ சத்தியம் வாங்கியிருக்கிறாயாமே. அவனைத் திட்டாதே, நான் விடாமல் கேட்டேன். வேலை இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு எட்டு மாதமாக நீ அம்மாவோடு பேசவில்லை. போன வாரம்கூடப் பேசினாய் என்று அம்மா பிளாக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து நான்கு வார்த்தை கேட்க வேண்டும் போல இருக்கிறது. அதற்குக் கடல் குறுக்கே இருக்கிறது.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு வெள்ளைத் தாளில், "கெங்கம்மாவின் மகன் டில்லிபாபு ஆகிய நான், கடந்த பதினான்கு மாதங்களாக என் தாயாருக்குப் பணம் அனுப்பவில்லை" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திடு. பாஸ்போர்ட் முதல் பக்கத்தோடு சேர்த்துப் படம் பிடித்து ஒவைஸின் போனிலிருந்து எனக்கு அனுப்பு. படம் போதும், அசல் பிறகு வரலாம் என்று மன்ற அலுவலக எழுத்தர் நேற்று என்னிடம் சொன்னார். ஏன் அனுப்பவில்லை என்று அந்தத் தாளில் எழுத வேண்டாம். அவர்கள் அதைக் கேட்கவில்லை. அது அம்மாவுக்கு மட்டும் சொல்ல வேண்டியது. இப்படி ஒரு கடிதம் எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியாது. நீ முதலில் அவரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, பிறகு கையெழுத்துப் போட்டால் நல்லது. அந்த வரிசையில் செய். அவருடைய எண் மாறவில்லை.

இந்த இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று என் மாதாவிடம் உனக்காகவும் வேண்டிக்கொள்கிறேன்.

மறுபரிசீலனை விசாரணை 25ஆம் தேதி, திங்கள், காலை பதினொரு மணி. உங்கள் ஊரில் அப்போது ஒன்பதரை. உறுப்பினர் பட்டியல் செப்டம்பர் பத்துக்குள் வரும் என்கிறார்கள். 25ஆம் தேதிக்குள் உன் தாள் என் கைக்கு வந்தாக வேண்டும்.

அன்புடன்,
ரெஜினா அக்கா