மாலையில் இறங்கும் இமை

மார்ச் 4

அன்புள்ள குருவிக்கு,

அண்ணன் எழுதுவது. கடிதத்தைப் பார்த்துச் சிரிப்பாய். போனில் கொஞ்ச நேரம் பேசினால் நாக்கு குழறுகிறது. குடித்திருக்கிறேன் என்று சண்டைக்கு வருவாய். அதனால்தான் பேனா.

என் இமை இரண்டும் தொங்கிவிட்டன. காலை முதல் டிரிப்பில் சரியாகத்தான் இருக்கும். சாயங்காலமானால் கடை ஷட்டர் மாதிரி இறங்குகின்றன. போன வாரம் ஒரு பயணி, "டிரைவர் தூங்கிக்கிட்டே ஓட்டுறாரு" என்று டிப்போவில் எழுதிக் கொடுத்துவிட்டார். "கண்ணைச் சரிபண்ணிட்டு வாங்க, அதுவரைக்கும் பஸ்ஸைத் தொட வேண்டாம்" என்றார் மேனேஜர். இருபத்திரண்டு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழவிட்டதில்லை நான்.

வயசானால் வருவதுதானாம். இமையைத் தூக்கித் தைத்துவிடலாம் என்கிறார் கிளினிக் டாக்டர். பதினெட்டாம் தேதி ஆபரேஷன். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறேன் என்று உன் அண்ணிக்குக் குறை. மென்று மென்று தாடை ஓய்ந்துபோகிறது, என்ன செய்ய?

பிரியமுள்ள,
அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கையாக இல்லை, ஐ.சி.யூ. நர்ஸாகக் கேட்கிறேன். தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா? படியேறினால் கால் துவள்கிறதா?

காலையில் நன்றாக இருந்து மாலையில் தொங்கினால் அது வயசு செய்கிற வேலையாகத் தெரியவில்லை. தசைகளைச் சோர வைக்கும் வியாதி ஒன்று உண்டு. அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் மூச்சு விடும் தசையும் ஓய்ந்துவிடலாம். எங்கள் வார்டில் பார்த்திருக்கிறேன். முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள். இந்தக் கடிதத்தை அப்படியே டாக்டரிடம் காட்டு. நான் கூப்பிட்டால் போனை எடு அண்ணா.

உன்,
குருவி

மார்ச் 17

அன்புள்ள குருவிக்கு,

போனை எடுக்காததற்குக் கோபப்படாதே. நீ கேட்ட எல்லாமே எனக்கு இருக்கிறது. "டெஸ்ட் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லையாம்" என்று அண்ணி உன்னிடம் சொன்னாளே, அது நான் அவளிடம் சொன்ன பொய். பாவம், அவளைத் திட்டாதே.

அந்த வியாதி காகிதத்தில் ஏறினால் என்னை மறுபடி பஸ்ஸில் உட்கார விடமாட்டார்கள். விசாரித்துவிட்டேன். "வேற ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று கிளினிக்கில் கேட்டார்கள். இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் தூங்க வைப்பார்களாம், அவ்வளவுதான்.

நாளைக் காலை எட்டு மணிக்கு. இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

அண்ணன்

மார்ச் 22

அண்ணா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. அண்ணியின் போன் நாலு நாளைக்கு முன்பே வந்துவிட்டது. இதை அவள் போனுக்கு அனுப்புகிறேன். உன் காதருகே படிப்பாள். நீ கேட்பாய். மூச்சு மெஷினில் கிடப்பவர்களுக்குக் காது கேட்கும் என்று ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேன்.

தையல் நன்றாக வந்திருக்கிறதாம். இப்போது கண்தான் முழுதாக மூட மாட்டேன் என்கிறதாம்.

உன் டாக்டர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வியாதி காகிதத்தில் ஏறிவிட்டது. இனி உனக்குப் பஸ் இல்லை. அதைச் செய்தது நான்தான். எழுந்து வந்து திட்டு. மருந்து தொடங்கியிருக்கிறார்கள். நெஞ்சில் சளி கட்டியிருப்பதாகவும் சொன்னார்கள். அதை அவர்கள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. லீவு போட்டுவிட்டேன்.

நாளை மறுநாள் வந்துவிடுவேன். அதுவரை மெஷினோடு மல்லுக்கட்டாதே அண்ணா. அது காற்றைத் தள்ளும்போது நீ வாங்கிக்கொள். அது நிறுத்தும்போது விடு.

குருவி